மண் சீர்

சித்திரை 3

சாப்பிடுவதையெல்லாம் தினமும் எழுதச் சொல்லிவிட்டார் சர்க்கரை டாக்டர். அடுத்த முறை போகும்போது காட்ட வேண்டுமாம். அறுபத்தொரு வயதில் வீட்டுப்பாடம்! உரக்கடையில் ஓசியில் கொடுத்த டைரி ஒன்று பீரோ மேல் கிடந்தது. தூசி தட்டி ஆரம்பித்துவிட்டேன்.

காலை: இட்லி மூன்று. மதியம்: ஒரு கிண்ணம் சோறு, கொள்ளு ரசம், அவரைக்காய். மாலை: சர்க்கரை போடாத டீ. இரவு: கோதுமை தோசை. அதையும் சாப்பாடு என்றுதான் சொல்கிறார்கள்.

எழுதி முடித்துப் பார்த்தால் பக்கத்தில் முக்கால்வாசி வெள்ளையாகக் கிடக்கிறது. நிலத்தைச் சும்மா போடப் பிடிக்காதவன் நான். காகிதத்தை மட்டும் விடுவேனா? மீதியில் காட்டைப் பற்றி எழுதுகிறேன். டாக்டர் படித்தால் படிக்கட்டும்.

டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கம். தரை என்றால் பாய் விரித்த மாதிரி இருக்கும் என்று நினைப்பவர். அவருக்காகச் சொல்கிறேன். எங்களுடையது மேட்டாங்காடு. ஊதியூர் மலையடிவாரத்தில், வானத்து மழையை மட்டும் நம்பிக் கடலைக்காய் போடுகிற சரிவு நிலம். அப்பா பாகம் பிரித்தபோது மேல்பாதி எனக்கு, கீழ்பாதி என் தங்கை பழனாத்தாளுக்கு. நடுவில் ஒரு வரப்பு. பக்கத்திலேயே தார் ரோடு, ரோட்டுக்கு அந்தப்புறம் டீக்கடை. என் காட்டை ஊரே டீ குடித்துக்கொண்டு பார்க்கும்.

சித்திரை 5

கோடை உழவு. காலையிலேயே டிராக்டரை எடுத்துவிட்டேன். மேட்டில் பிடித்தால் பள்ளம் வரைக்கும் ஒரே உழவுச்சால், நூல் பிடித்த மாதிரி. குறுக்கே ஓட்டினால் நாலு எட்டுக்கு ஒரு தரம் வண்டியைத் திருப்ப வேண்டும், மனுசன் ஓட்டுவானா? உழுது முடித்ததும் ரொட்டவேட்டர் போட்டு இரண்டு ஓட்டு. கட்டி என்பதே இல்லை. மண் மைதா மாவாட்டம் ஆகிவிட்டது.

டீக்கடையில் நின்றவர்கள் கைதட்டாத குறை. எனக்கு ஊரில் 'நூல் நாச்சிமுத்து' என்று பெயர் இருப்பது டாக்டருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளட்டும்.

சாப்பாடு: எல்லாம் டாக்டர் சொன்னபடி.

சித்திரை 6

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. டீக்கடையில் பஜ்ஜி, ஒன்று.

சித்திரை 9

கோடை மழை. கொட்டென்று கொட்டி நின்றது. போய்ப் பார்த்தால் என் மைதா மாவு முழுக்கப் பழனாத்தாள் காட்டில். என் பக்கம் மேட்டில் சரளைக்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. மழை சரியில்லை. மெதுவாகப் பெய்ய வேண்டிய மழை இப்படியா பெய்யும்?

டீக்கடைக்குப் போனது தப்பு. பழனாத்தாளின் வீட்டுக்காரர் சாமியப்ப மாப்பிள்ளை அங்கே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பெஞ்சில் இடம் விட்டார். அந்த மரியாதையிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"எங்க மச்சானாட்டச் சீர் செய்யற ஆளு இந்தச் சுத்துவட்டாரத்துலயே கெடையாதுங். மத்தவீங்க தங்கச்சிக்குப் பொங்கலுக்கு ஒரு சேலை எடுத்துக் குடுப்பாங்க. இவரு வருசம் தவறாம மண்ணையே சீரா அனுப்பிச்சு உட்டுர்றாரு!"

கடையே சிரித்தது. டீ ஆற்றுகிறவன்கூடச் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

சித்திரை 10

மகன் ஜெகதீசன் திருப்பூரிலிருந்து போன் செய்தான். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். பேச்சும் அப்படித்தான் இருக்கும்.

"அப்பா, மூணு வருசமாக் கடலைக்காய் போட்டு என்னத்தைக் கண்டீங்க? சோலார்க்காரங்க காட்டைக் குத்தகைக்குக் கேக்கறாங்க. குடுத்துட்டு நிம்மதியா இருங்கப்பா."

"காட்டுல கண்ணாடிப் பலகையை நட்டு வெச்சா அது காடாடா?"

"செரி, சண்டை வேண்டாம். இந்த வெள்ளாமையைப் பாப்போம். இதுவும் போச்சுன்னா நீங்க கையெழுத்துப் போடோணும். செரீங்களா?"

கோபத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. என் அப்பா ஏர் பிடித்த காடு. அதில் எனக்குக் கால் வைக்க இடமில்லாமல் போனால் நான் காலையில் எழுந்து எங்கே போவேன்?

சித்திரை 12

இட்லி. சோறு. தோசை. எழுத ஒன்றுமில்லை.

சித்திரை 14

எனக்கு ஒரு யோசனை வந்தது. மண் என்னுடையது. மழை கொண்டுபோய்ப் போட்டுவிட்டது. பக்கத்து வீட்டுக் கூரையில் போய் விழுந்த துணியை எடுத்து வருவதில்லையா? டிராக்டரில் டிரெய்லரை மாட்டி, மண்வெட்டி சகிதம் பழனாத்தாள் காட்டு வரப்போரம் போய் மண்ணை அள்ள ஆரம்பித்தேன்.

அரை டிரெய்லர்கூட ஆகவில்லை. பழனாத்தாள் வந்து நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"ஏனுங்கண்ணா, என்ன பண்றீங்க?"

"என்ற மண்ண எடுத்துட்டுப் போறேன்."

"அவரு டீக்கடையில சீருன்னு சொன்னாருன்னு கோவமா?"

"கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேட்டுக்கு மண்ணு வேணும்."

அவள் டிரெய்லரை எட்டிப் பார்த்தாள். "குடுத்த சீரைத் திருப்பி அள்ளிட்டுப் போற அண்ணன நான் கேள்விப்பட்டதே இல்லீங்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மண்ணைக் கொண்டுவந்து மேட்டில் கொட்டிவிட்டேன். மீதியை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

சித்திரை 15

காலையில் பழனாத்தாள் வீட்டுக்கு வந்தாள். பட்டுச்சேலை, தலையில் பூ, கையில் மஞ்சள் துணி மூடிய பித்தளைத் தாம்பாளம். அக்கம்பக்கத்துப் பெண்கள் என்ன விசேசமென்று வாசலுக்கு வந்துவிட்டார்கள். என் மனைவி தெய்வாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாக வாங்கினாள். துணியை எடுத்தால் வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காய், பழம், நடுவில் குவித்து வைத்த மண்.

"அண்ணன் சீரைத் திருப்பிக் கேட்டாருங் நங்கையா. ஒட்டுக்காக் கொண்டார முடியல. தெனம் ஒரு தட்டாக் குடுத்துர்றனுங்."

(நங்கையா என்றால் அண்ணி, டாக்டர்.)

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். தெய்வாத்தாள் தாம்பாளத்தை என் முன்னால் வைத்துவிட்டு, "வாங்கிக்குங்க. உங்களுக்குத்தான் வந்திருக்குது" என்றாள்.

சாப்பாடு: காலையில் இல்லை. மதியமும் இல்லை. டாக்டருக்குச் சந்தோசமாக இருக்கும்.

சித்திரை 16

இன்றும் ஒரு தட்டு வந்தது.

சித்திரை 17

இன்றும். டிரெய்லரைக் கழற்றிக் கொட்டகையில் போட்டுவிட்டேன். தட்டு நின்றது. பழனாத்தாளின் பேச்சும் நின்றது.

வைகாசி 6

மழை வரும்போலிருந்தது. வீட்டில் உட்கார முடியாமல் காட்டுக்குப் போனேன். தெய்வாத்தாள் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். எனக்குக் குடை பிடிக்கவா, என்மேல் கண் வைக்கவா தெரியவில்லை.

மழை பிடித்தது. என் சால் ஒவ்வொன்றிலும் தண்ணீர் இறங்கியது. நேராக, அழகாக, ஒரு வளைவு நெளிவு இல்லாமல், செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடி வரப்பைத் தாண்டியது. நான் மழையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, தண்ணிக்கு நீங்களே வாய்க்கா வெட்டி உட்டுப்போட்டு, தண்ணி ஓடுதுன்னு வெய்யறீங்களே?" என்றாள் தெய்வாத்தாள்.

"இது சாலு. வாய்க்கா இல்ல."

"தண்ணிக்கு அது தெரியலையே."

பக்கத்தில் பழனாத்தாள் காட்டைப் பார்த்தேன். மாப்பிள்ளை சரிவுக்குக் குறுக்கே உழுது போட்டிருந்தார். ஆளுக்கு நேராக ஓட்ட வராது, அதனால் அப்படி ஓட்டுகிறார் என்றுதான் இத்தனை வருசம் நினைத்திருந்தேன். ஒவ்வொரு சாலிலும் தண்ணீர் தேங்கி நின்று, பிறகு மெதுவாக உள்ளே இறங்கியது. கட்டிமண் கரையாமல் கிடந்தது.

அங்கே மண்ணும் நல்ல மண். என் மண்தானே!

வைகாசி 8

வாக்கிங் போகச் சொல்லியிருக்கிறார் டாக்டர். போனேன். தற்செயலாக மாப்பிள்ளை வீட்டு வழியாக. திரும்பும்போதும் தற்செயலாக அதே வழி. மூன்றாம் தடவை மாப்பிள்ளையே வெளியே வந்துவிட்டார்.

"ஏனுங் மச்சான், எதையாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?"

"இல்ல மாப்ள. குறுக்குச் சாலு ஓட்டறதுக்கு மட்டம் எப்படிப் புடிக்கறதுன்னு… சும்மாதான் கேட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "கொத்தனாரு ட்யூப்பு ஒண்ணு கெடக்குது. நாளைக்குக் காலையில வர்றனுங்" என்றார். பழனாத்தாள் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. ஆனால் அவள் வெளியே வரவில்லை.

வைகாசி 9

தண்ணீர் ஊற்றிய ட்யூபின் ஒரு முனையை மாப்பிள்ளை பிடித்தார், மறுமுனையை நான். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிற இடமெல்லாம் ஒரு குச்சி. அப்படியே சரிவின் குறுக்கே நடந்துகொண்டே போனோம்.

"இன்னும் மேல போங் மச்சான்!"

"போதுமா?"

"அட எறங்குங்! மேலன்னா மலை உச்சிக்கா போவாங்க?"

நட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தால் குச்சிகள் நேராக இல்லை. காடு எங்கே உப்பியிருக்கிறதோ அங்கே உப்பி, எங்கே குழிந்திருக்கிறதோ அங்கே குழிந்து, பாம்பு போன தடம் மாதிரி கிடந்தன. எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. நூல் நாச்சிமுத்து இதன்மேலா டிராக்டர் ஓட்டுவது?

மாப்பிள்ளை பீடியைப் பற்ற வைத்தார். "ஒண்ணு யோசிச்சீங்களா? இப்புடி ஓட்டுனா எங்களுக்குச் சீர் நின்னு போயிருமுங்."

"நின்னா நிக்கட்டும் மாப்ள."

"நானும் அதையேதான் சொல்றேன்" என்றார். நல்ல மனுசன். டீக்கடையில் வாய் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

ஆனி 18

விதைப்பு. உள்காட்டுக்கு ரொட்டவேட்டர் கிடையாது. ஒன்பது கொழு உள்ள கலப்பையை மட்டும் மாட்டி, குச்சி போன வழியே ஒரே ஓட்டு. கட்டி அப்படியே கிடக்கட்டும். பின்னாலேயே ஆள்கள் சாலில் விதைக்கடலையைப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

ரோட்டோரத்தில் மட்டும், டீக்கடைக்குத் தெரிகிற அந்தப் பத்துச் சால், மேலிருந்து கீழே நேராக ஓட்டிவிட்டேன், ரொட்டவேட்டரும் போட்டு. ஒரு ஓரம்தானே. மனுசன் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?

தெய்வாத்தாள் பார்த்தாள். "அது எதுக்குங்க?" என்றாள். ரோட்டில் லாரி போன சத்தத்தில் எனக்குக் காது கேட்கவில்லை.

ஆடி 18

பழனாத்தாள் ஒவ்வொரு வருசமும் இன்றைக்குப் பிறந்த வீட்டுக்கு வருவாள். வரும்போது ஒப்புட்டுச் சுட்டு எடுத்து வருவாள், பருப்பும் வெல்லமும் வழிய, நெய் மணக்க. (ஒப்புட்டு என்றால் உங்கள் ஊர்ப் போளி, டாக்டர்.) இந்த வருசம் வரவில்லை. தெய்வாத்தாள் எடுத்து வைத்த சேலை மேசைமேல் அப்படியே கிடக்கிறது.

ஒப்புட்டு: இல்லை.

ஆடி 25

ஐந்து நாளாக மழை. ரோட்டோரத்துப் பத்துச் சால் பத்து ஓடையாகிவிட்டது. மண் போயிற்று. விதைத்த வாரம் பெய்த மழையிலேயே பாதி விதை போயிருந்தது. மிஞ்சி நிற்கிற செடி மஞ்சளடித்து, இப்போதோ அப்போதோ என்று நிற்கிறது. டீக்கடையில் எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். நான் இப்போது பெஞ்சில் காட்டுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறேன். அந்தப் பக்கம் காற்று நன்றாக வருகிறது.

ஆடி 29

மாப்பிள்ளை வந்து சொல்லிவிட்டுப் போனார்: "உங்க தங்கச்சி சொல்லச் சொன்னா. இந்த வருசம் சீர் வெதையோட வந்திருக்குதாம். எங்க சோளத்துக்குள்ள உங்க கடலைச்செடி மொளச்சு நிக்குது. புடுங்காம உட்டு வெச்சிருக்கறா."

அவளாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கிறாள். கேலிதான். ஆனாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆவணி 10

டாக்டரிடம் டைரியைக் காட்டினேன். முதல் பக்கத்திலிருந்து படித்தார். வெளியே கூட்டம் நிற்கிறது, நர்ஸ் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசியில் மூடி வைத்துவிட்டு, "உங்க தங்கச்சி அப்புறம் பேசினாங்களா?" என்று கேட்டார். சர்க்கரை கூடியிருக்கிறதாம். அதைக் கடைசியாகச் சொன்னார்.

புரட்டாசி 7

ஜெகதீசன் வந்தான். பைக்கை நிறுத்தியதும் பையிலிருந்து சோலார் குத்தகைக் காகிதத்தை எடுத்துத் திண்ணைமேல் வைத்துவிட்டான்.

"ரோட்டுல நின்னு பாத்துட்டுத்தானப்பா வர்றேன். சருகாட்டம் நிக்குது. மண்ணெல்லாம் ஓடிப்போய்க் கல்லாக் கெடக்குது. நீங்க வாக்குக் குடுத்திருக்கறீங்க."

ஊருக்குக் காட்டப் போட்ட பத்துச் சால், என் காட்டையே கொண்டுபோய்விடும் போலிருக்கிறதே!

"அது வேறடா. உள்ள வந்து பாரு."

"என்னத்தப்பா உள்ள பாக்கறது? வெளிய தெரியறதுதானே உள்ளயும் இருக்கும்?"

தெய்வாத்தாள் அடுப்படியிலிருந்து வந்தாள். "எந்திரிடா. உங்கப்பன் பவுசுக்குப் போட்டதப் பாத்துட்டு வந்து பேசற. வெள்ளாமைக்குப் போட்டது உள்ள இருக்குது."

பவுசு! புருசனைப் பற்றிப் பெற்ற மகனிடம் சொல்கிற வார்த்தையா? ஆனால் அவன் எழுந்துவிட்டான். அதனால் நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

ரோட்டோரச் செடி ஒன்றைப் பிடுங்கினேன். வேரில் சூம்பிப்போன காய் இரண்டு. அப்படியே உள்ளே கூட்டிப்போனேன். வளைந்து வளைந்து போகிற சாலில் செடி முழங்காலுக்குப் பச்சைப்பசேலென்று நின்றது. தரை இன்னும் ஈரம். அவனையே பிடுங்கச் சொன்னேன். இழுத்தான், வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். கொத்துக் கொத்தாகக் காய், வேரில் ஒட்டிய மண்ணோடு வந்தது.

ஒரு காயை உடைத்து வாயில் போட்டான். பச்சைப்பால் வாசனை. இன்னொன்று போட்டான்.

"ஒரே காடுதானப்பா? ஒரே வெதைதான?"

"ஒரே காடு, ஒரே வெதை, ஒரே மழை. ஓட்டுனதுதான் வேற."

"அப்பறம் எதுக்கு அதை மட்டும் அப்புடி ஓட்டுனீங்க?"

நல்ல வேளையாக லாரி ஒன்று போயிற்று.

காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். போகும்போது, "அறுவடைக்குச் சொல்லுங்க, லீவு போட்டுட்டு வர்றேன்" என்றான்.

சாப்பாடு: மகன் வந்ததால் கோழிக்குழம்பு. அளவாக. தெய்வாத்தாளின் அளவு.

ஐப்பசி 11

அறுவடை முடிந்தது. மேட்டில், சரளைக்கல் தெரிந்த இடத்தில்கூடக் காய் பிடித்திருக்கிறது. ஜெகதீசன் முதுகு வலிக்கிறது என்று முனகிக்கொண்டே நாள் முழுக்கக் கொடி பிடுங்கினான். சோலார் என்ற பேச்சையே எடுக்கவில்லை. டீக்கடையில் எனக்கு இப்போது 'வளையல் நாச்சிமுத்து' என்று பெயர். வைத்துக்கொள்ளட்டும். இன்று காட்டைப் பார்த்த பக்கம் உட்கார்ந்து டீ குடித்தேன்.

ஐப்பசி 13

நல்ல காயாகப் பொறுக்கி ஒரு மூட்டை கட்டினேன். தெய்வாத்தாள் உதவிக்கு வந்தாள், வேண்டாமென்றுவிட்டேன். கொட்டகையிலிருந்து அந்தப் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துப் புளி போட்டுத் துலக்கினேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம் வைத்தேன். மூட்டை தோளில், தாம்பாளம் கையில். வரப்பு வழியாகவே நடந்தேன். டிராக்டரில் போகலாம்தான். போகத் தோன்றவில்லை.

பழனாத்தாள் வாசலில் சோளத்தட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சட்டியில் அவித்த கடலை. அவள் சோளக்காட்டுக்குள் முளைத்தது, என் விதை.

மூட்டையை இறக்கிவிட்டுத் தாம்பாளத்தை நீட்டினேன். என்ன பேசுவதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"குறுக்க ஓட்டுனதுக்கப்பறம் கீழ மண்ணு ஒண்ணும் வந்திருக்காது" என்றேன். இதுவா பேச்சு?

"ரோட்டோரம் வந்ததத் தவுத்து ஒரு கூடைகூட வல்லீங்கண்ணா" என்றாள்.

தாம்பாளத்தை வாங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. முகம் மட்டும் சிரித்தது.

"இத்தன வருசமாச் சேலைய நங்கையா எடுத்துக் குடுத்தாங்க. மண்ண மழை கொண்டாந்து குடுத்துது. நீங்களாத் தெரிஞ்சு கொண்டாந்து குடுத்தது இதுதானுங்கண்ணா."

மாப்பிள்ளை ஏதோ கேலி பேச வாயைத் திறந்தார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார். பிறகு அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

ஒப்புட்டு: ஐந்து. நெய் ஊற்றி. பொய் எழுதவில்லை, டாக்டர். ஐந்து.